பென்சிலில் எழுதிய சம்பளம்

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடப் பயமில்லாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. கிளையில் எனக்கு ‘ரெண்டு தடவ கலாவதி’ என்று பெயர். பூட்டிய பீரோவை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். எண்ணிய ரூபாயை மறுபடி எண்ணுவேன். அப்படிப்பட்டவள்தான் ஒரே ஒரு கோப்பில், கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு செய்தேன். இதை இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இப்போது சொல்ல வைத்தவர் பிரபு. திண்டிவனம் கிளையில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கல்விக்கடன் அதிகாரி, முப்பது வயது இருக்கும். பத்து நாளைக்கு முன் போன் செய்தார்.

“மேடம், மரக்காணம் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு அப்ளிகேஷன் குடுத்திருக்குதுங்க. அவங்க அப்பா கடலுக்குப் போறவரு. பி.எஸ்சி. சைக்காலஜி. கம்ப்யூட்டர்ல ‘எதிர்பார்க்கும் சம்பளம்’னு ஒரு கட்டம் வருது. அதுல இன்னா போடறதுன்னே தெரியல. நீங்க முன்ன ஒரு சைக்காலஜி கேஸ் பாத்தீங்கன்னு சொன்னாங்க.”

“பார்த்தேன்” என்றேன். “ரெண்டு நாள் டைம் குடுங்க தம்பி, சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

என் கதையில் பாதிக்குமேல் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. விழுப்புரத்தில் எழுத்தராகச் சேர்ந்து, இருபத்திரண்டு வருடம் பெரும்பாலும் நகைக்கடன் கவுண்டரில் கழித்தேன். அதிகாரி பரீட்சையில் இரண்டாவது முறை தேறித் திண்டிவனத்துக்கு வந்தேன். கல்விக்கடன் நாற்காலியை யாரும் விரும்பவில்லை என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். அதே காரணத்தால் கடைசிவரை அங்கேயே விட்டுவைத்தார்கள். நகைக்கடனில் நகை நம் பெட்டிக்குள் இருக்கும். கல்விக்கடனில் நம்மிடம் இருப்பது பதினேழு வயதுப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் அதன் அப்பாவின் கையெழுத்தும்தான். வந்த முதல் வாரமே ஏண்டா இந்தப் பரீட்சையை எழுதினோம் என்று இருந்தது.

அப்போது மேனேஜர் ஞானசேகரன். என்னைவிட ஆறு வயது சின்னவர். அவர் சத்தம் போட்டு ஒருவரும் கேட்டதில்லை. பேசுவது எதிரே இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். காலை முதல் சாயங்காலம் வரை பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக் குடிப்பார். கோப்பில் தப்பு இருந்தால் மற்ற மேனேஜர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள். இவர் கோப்பை எடுத்துக்கொண்டு நம் மேஜைக்கே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார். அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கு எந்தக் கோப்போ என்று நினைப்பு ஓடும்.

கல்விக்கடன் கோப்புக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தலைமை அலுவலகம் சொன்னது இல்லை, அவராகக் கண்டுபிடித்தது. கோப்பின் உள் அட்டையில், படிப்புச் செலவு, கடன் தொகை, படித்து முடித்தபின் மாதத் தவணை ஆகிய மூன்றையும் பேனாவில் எழுத வேண்டும். நான்காவது வரி, கையில் வரும் சம்பளம். அதை மட்டும் பென்சிலில் எழுத வேண்டும். கீழே மூன்று பெயருக்கு இடம்.

“காலேஜ் குடுக்கற புக்குல போட்டிருக்கற சம்பளம் நமக்கு வேணாம் மேடம்” என்றார் முதல் நாள். “இதே படிப்பப் படிச்சவங்க மூணு பேரப் பாருங்க. நேர்ல பாருங்க. நாலு கேள்வி. இன்னா படிச்சீங்க? அதுக்கு மேல இன்னா படிச்சீங்க? வேலைக்கு எத்தினி மாசம் காத்துக்கினு இருந்தீங்க? போன மாசம் கையில எவ்ளோ வந்திச்சு? நாலுக்கும் பதில் வந்தப்புறம் பென்சில் மேல பேனாவ ஓட்டுங்க.”

“தவணை கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா கடன் குடுக்கக்கூடாதா சார்?”

“அத நாம முடிவு பண்ண வேணாம். சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல தவணை போச்சுன்னா அவங்க அப்பாவக் கூப்பிட்டு உக்கார வச்சு வாய்விட்டுச் சொல்லுங்க. அவரு காதுல உழணும். அப்புறம் அவரு இஷ்டம்.”

அலுவலகத்தில் இதைப் ‘பேஜாரு புடிச்ச வேலை’ என்பார்கள். எனக்கோ உயிர் வந்தது. பயந்தவளுக்கு முறை என்று ஒன்று இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்த மாதிரி. ஒலக்கூர்க்காரர் ஒருவர் மகனுக்கு எஞ்சினியரிங் கடன் கேட்டு வந்தபோது, அதே படிப்பு முடித்த மூவரைத் தேடிப்போய்ப் பார்த்தேன். ஒருவர் செல்போன் கடையில் இருந்தார், ஒருவர் பைக் ஷோரூமில் இருந்தார், ஒருவர்தான் கம்பெனியில். மூன்று சம்பளத்தையும் கேட்டுவிட்டு அந்த அப்பா வெளியே போய் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டணம் பாதியாக இருந்த வேறு கல்லூரியின் கடிதத்தோடு வந்தார். ‘நல்லவேளை சொன்னீங்க’ என்று அவர் சொன்னது இரண்டு வருடத்துக்கு எனக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த இரண்டு வருடம் கழித்துத்தான் ஏழுமலை வந்தார். வல்லத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். ஒன்றரை ஏக்கர் சொந்த நிலம், கிணறு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுபவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காகிதங்களை உரக்கடைப் பையில் வைத்துக்கொண்டு, மகள் தேவிகாவோடு வந்தார். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. சைக்காலஜி. விடுதியோடு சேர்த்து மூன்று வருடத்துக்கு மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கடன் கேட்டார்கள். நான்கு லட்சத்துக்குள் என்பதால் நிலப்பத்திரம் தேவையில்லை, அப்பாவின் கையெழுத்துப் போதும்.

“ஏம்மா சைக்காலஜி?” என்று கேட்டேன். விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு வரி உண்டு.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். அவள்தான் பேசினாள்.

“தம்பி கெணத்துல உழுந்து செத்துட்டான் மேடம். அதுலேர்ந்து ரெண்டு வருஷம் அம்மா வாயே தொறக்கல. பவுர்ணமிக்குப் பவுர்ணமி திருவக்கரைக் கோயிலுக்குக் கூட்டிக்கினு போனோம். அப்புறம் விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க ஒரு அக்கா வாராவாரம் அம்மாகூட அரை மணி நேரம் உக்காந்துக்கினு இருப்பாங்க. நாலு மாசத்துல அம்மா ‘சோறு துன்னியா?’ன்னு என்னைக் கேட்டுது. அந்த அக்கா கிட்ட இன்னா படிச்சீங்கன்னேன். சைக்காலஜின்னாங்க.”

அந்த ஒரு வரிக்குள் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ‘விருப்பம்’ என்று எழுதினேன்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் முதல் வருடப் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று கல்லூரிக் கடிதம் சொன்னது. ஞானசேகரன் சார் பயிற்சிக்குச் சென்னை போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் நான் நீட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். “கொஞ்சம் ஜல்தியா பண்ணுங்க மேடம், சீட்டு போயிடுச்சுன்னா பாப்பா இடிஞ்சு பூடும்” என்றார் ஏழுமலை. என்னால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். தேவிகா சொன்ன அந்த ஆஸ்பத்திரி அக்காவையே போய்ப் பார்த்தேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்.

“நீங்க படிச்சது சைக்காலஜிதானே?”

“ஆமாங்க.”

“போன மாசம் கையில எவ்வளவு வந்துச்சு?”

“இருபத்தெட்டாயிரம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து ஒரு பள்ளிக்கூடம். அங்கே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர் இருபத்து நான்காயிரம் என்றார். மூன்றாவது ஆள் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவர்; போக நேரமில்லை, போனில் கேட்டேன். முப்பத்தைந்தாயிரம். மூன்றில் குறைந்ததை எடுத்து, அதிலும் இரண்டாயிரத்தைக் கழித்து, இருபத்திரண்டாயிரம் என்று பேனாவிலேயே எழுதினேன். தவணை ஏழாயிரத்துச் சொச்சம். மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டது. இவ்வளவு ஜாக்கிரதையாக யார் கணக்குப் போடுவார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பணம் கல்லூரிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் உள் அட்டையைத் திறந்தார். பென்சில் இல்லை என்பதைக் கவனித்தார். மூன்று பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

“இந்த மூணு பேர்ல பி.எஸ்சி.யோட நின்னவங்க யாரு மேடம்?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அவர் எதிரிலேயே மூவருக்கும் போன் செய்தேன். ஆஸ்பத்திரி அக்கா பி.எஸ்சி.க்கு மேல் எம்.எஸ்சி., அதற்கு மேல் எம்.பில்., அதற்கு மேல் அரசாங்கப் பதிவு என்று வரிசையாகச் சொன்னார். வெறும் பட்டத்தோடு நோயாளியின் எதிரே உட்கார விடமாட்டார்கள் என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்தவர் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும். கம்பெனிக்காரர் எம்.பி.ஏ. மூவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நான் கேட்டதற்குச் சொன்னார்கள்.

“இது மட்டும் படிச்சா?” என்று சார் போனை வாங்கி ஆஸ்பத்திரி அக்காவைக் கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டே பென்சிலால் என் இருபத்திரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் ஒன்பது, பத்து என்று எழுதினார்.

“இப்பப் போனது ஒரு வருஷப் பணம்தான்” என்றார். “அவரக் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லிடலாம். மேலே படிக்க வைக்கத் தெம்பு இருக்குதா, இல்ல ஊர்கிட்டயே கம்மியா செலவாகற காலேஜான்னு அவங்க யோசிக்கட்டும். நான் கூப்பிடட்டா?”

“நானே சொல்றேன் சார்.”

அன்று மாலை ஏழுமலைக்குப் போன் செய்தேன். மூன்று வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். அவர் என்னை ஒரு வாக்கியம்கூடச் சொல்ல விடவில்லை.

“மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். பாப்பா ஹாஸ்டல்ல சேந்துட்டா. பஸ் ஏத்தி உட்டுட்டு வந்ததுலேர்ந்து அவங்கம்மா தெருவுல ஒருத்தர உடாம நிக்க வச்சுப் பேசிக்கினு இருக்குது. எம் பொண்ணு டாக்டராட்டம் வருவான்னு சொல்லிக்கினு இருக்குது. நீங்க நல்லா இருக்கணும். சொல்லுங்க மேடம், இன்னா விஷயம்?”

தாளில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். தாளை மடித்து வைத்தேன்.

“ஒண்ணும் இல்லீங்க. உங்க போட்டோ ஒண்ணு குறையுது” என்றேன்.

மறுநாள் செஞ்சியில் புதிதாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து கொடுத்துவிட்டுப் போனார். கோப்பில் ஏற்கெனவே அவர் போட்டோ இருந்தது. இதை ஒட்ட இடமில்லை. ஒரு உறையில் போட்டுக் கடைசித் தாளோடு சேர்த்துப் பின் குத்தினேன். அடுத்த வாரம் சார் கேட்டபோது, “சொல்லிட்டேன் சார்” என்றேன். அவர் நம்பினார். நான் பொய் சொல்வேன் என்று அந்தக் கிளையில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடமே அவருக்கு விழுப்புரம் மண்டல அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. கேட்க ஆள் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டாம் வருடப் பணம், மூன்றாம் வருடப் பணம் என்று தேவிகா வந்து நின்றபோதெல்லாம் நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்பேன், மதிப்பெண்ணைக் காட்டுவாள். எழுபத்தெட்டு, எண்பத்தொன்று. சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளும். பாதிக் கிணறு தாண்டியவளிடம் இனி என்ன சொல்வது என்று இன்னொன்று இழுக்கும். கையெழுத்துப் போடுவேன். படிக்கும் காலத்து வட்டியை அரசாங்கமே கட்டும் மானியம் அந்தக் கல்லூரிக்குப் பொருந்தாது என்பதையும் இதற்கிடையில்தான் பார்த்தேன்.

படித்து முடித்தாள். படிப்பு முடிந்து ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம்; அதில் எட்டு மாதம் வேலை இல்லை. பிறகு சென்னையில் போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை, பதின்மூன்றாயிரம். அதில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். நான்கு தவணை வந்தது. பிறகு அம்மாவுக்கு மறுபடி முடியாமல் போய் ஊருக்குத் திரும்பிவிட்டாள். திண்டிவனத்தில் சிறப்புக் குழந்தைகள் பள்ளியில் உதவியாளர், ஒன்பதாயிரம். சார் பென்சிலில் எழுதிய அதே ஒன்பது.

மூன்று மாதம் தவணை நின்றது. கணினியில் அவள் பெயர் சிவப்பில் வந்தது. அதற்கு மேல் அதிகாரி நேரில் போக வேண்டும் என்பது விதி. அதைத் தள்ளிப் போட்டேன். மாவட்டச் செய்திப் பக்கத்தைப் படிக்காமலே பேப்பரை மடித்து வைக்கத் தொடங்கியதும் அப்போதுதான். கடனாளி விவசாயி என்று எந்த வரியாவது கண்ணில் பட்டால், முதலில் ஊர்ப் பெயரைத் தேடுவேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை போனேன். வாசலில் மல்லாட்டை காயப்போட்டிருந்தது. அந்த வருடம் கடைசித் தண்ணீருக்குக் கிணறு வற்றிப்போனதால் பாதி பருப்பில்லாத பொக்கு. ஏழுமலை இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கதவுக்குப் பக்கத்தில் பூச்சி மருந்து டப்பா ஒன்று இருந்தது. எந்த விவசாயி வீட்டிலும் இருப்பதுதான். என் கண் அதைவிட்டு நகரவில்லை. அவர் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை.

“நெலத்தக் குடுத்துடறேன் மேடம். ஆளுகூடப் பாத்துட்டேன். பொண்ணு பேரு கெட்டுப் போவக்கூடாது. நாலு பேருக்கு முன்னாடி நோட்டீஸ் மட்டும் ஒட்டிடாதீங்க.”

“நெலத்த வித்துட்டு இன்னா பண்ணப் போறீங்கப்பா?” தேவிகா உள்ளே இருந்து வந்தாள். “வெளியில போய்ட்டு வரேன்னு போறாரு மேடம். கெணத்தங்கரையில போய் உக்காந்துக்கினு இருக்காரு. நாங்க மாத்தி மாத்திப் பின்னாடியே போய்க்கினு இருக்கோம்.”

தம்பி விழுந்த கிணறு. அந்த நிமிடத்தில்தான், இன்னும் ஒரு நாள் இதை உள்ளே வைத்திருந்தால் இந்த வீட்டில் ஒரு உயிர் போனாலும் போகும் என்று தெரிந்தது. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மூன்று பேரைக் கேட்டது, கேட்காமல் விட்டது, திங்கட்கிழமை தெரிந்துகொண்டது எல்லாவற்றையும்.

“அப்போ நான் சேந்த வாரமே உங்களுக்குத் தெரியுமா மேடம்?” என்று கேட்டாள் தேவிகா.

“தெரியும்மா.”

ஏழுமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“போட்டோ வேணும்னு கூப்பிட்டீங்களே. இத சொல்லத்தானா?”

தலையை ஆட்டினேன். ஐந்து வருடத்துக்கு முந்தைய போன் அவருக்கு நினைவிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நான்தான் பேச உடல போல இருக்குது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே இருந்து அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“நெலத்துக்கு ஆள் பாக்கறத நிறுத்துங்க” என்றேன். “எனக்குப் பதினஞ்சு நாள் குடுங்க.”

கடனைப் பதினைந்து வருடத்துக்கு நீட்ட வழி இருந்தது. ஆனால் அதற்கு மண்டல அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும், காரணம் காட்ட வேண்டும். மழை இல்லை, உடல்நிலை சரியில்லை என்று எழுதினால் திரும்பி வரும். அந்த மாதிரி காகிதம் கட்டுக்கட்டாக அங்கே கிடந்தது. வங்கியின் கணிப்பே தப்பு என்று எழுதினால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதை எழுத வேண்டியவள் நான். வேலை போய்விடுமோ, ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்று நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் எழுதிக்கொண்டு விழுப்புரம் போனேன்.

ஞானசேகரன் சாருக்குத் தலை நரைத்திருந்தது. பிளாஸ்க் அதேதான். என் குறிப்பை இரண்டு தடவை படித்தார்.

“மூணு பேரையும் தப்பாக் கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அவர்கிட்ட சொல்லிட்டேன்னு என்கிட்ட சொன்னீங்களே மேடம்.”

“சொல்லல சார்.”

வெந்நீரை ஊற்றி மெதுவாகக் குடித்தார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அதையும் எழுதுங்க” என்றார். பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

எழுதினேன். கடன் நீட்டிப்பு வந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் ஐயாயிரத்து எண்ணூறாக இறங்கியது. பெரிய இறக்கம் இல்லை. ஆனால் நிலம் போகவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது. அடுத்த ஆறு மாதம் ஏதாவது சாக்குச் சொல்லி ஏழுமலைக்கு வாரம் ஒரு தடவை போன் செய்வேன். அவர் எடுத்து ‘சொல்லுங்க மேடம்’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பிடுவேன்.

பிரபுவிடம் இரண்டு நாள் என்று சொல்லி எட்டு நாள் ஆகிவிட்டது. அவருக்குத் தேவை பி.எஸ்சி. சைக்காலஜி படித்த ஒருவர். எனக்குத் தெரிந்தது ஒருத்திதான். ஆனால் அவளிடம் பேசி மூன்று வருடம் ஆயிற்று, என் குரலைக் கேட்டால் அவளுக்கு என்ன தோன்றும் என்று பயம். எண்ணை அழுத்திவிட்டு மணி அடிக்கும் முன்பே இரண்டு முறை துண்டித்தேன்.

மூன்றாவது முறை எடுத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நானே சொல்றேன் மேடம், எழுதிக்குங்க” என்றாள். பின்னால் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குடிநோயாளிகளுக்கான ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆலோசகராக இருக்கிறாளாம். “முடிச்சதும் எட்டு மாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பதிமூணு. அப்புறம் ஒம்போது, நாலு வருஷம். தபால்ல எம்.எஸ்சி. முடிச்சப்புறம் பதினஞ்சு. இப்ப இருபத்தோராயிரம். இப்ப வாங்கறத மட்டும் எழுதிடப் போறாரு, எல்லாத்தையும் எழுதச் சொல்லுங்க.”

பதினோரு வருடத்துக்கு முன் நான் பேனாவில் எழுதிய தொகைக்கு இன்றும் ஆயிரம் குறைவு. அதை நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

இத்தனை வருடம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

“அன்னைக்கே நான் சரியா கேட்டு, உங்க அப்பா கிட்ட சொல்லியிருந்தா நீ படிச்சிருப்பியாம்மா?”

பின்னால் கேட்ட சிரிப்புச் சத்தம் தேய்ந்தது, வெளியே வந்திருப்பாள்.

“இங்கயே பக்கத்துல எங்கனா சேந்திருப்பேன் மேடம். இல்ல, மல்லாட்ட புடுங்கப் போயிருப்பேன். தெரியல. இந்த வேல எனக்குப் புடிச்சிருக்குது. அத நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட வேணாம்னும் சொல்லாதீங்க.” நிறுத்தினாள். “ஆனா அப்பா ரெண்டு வருஷம் தூங்கல மேடம். நான் நாலு மணிக்கு எழுந்து பாத்தா உக்காந்துக்கினு இருப்பாரு. சம்பளத்துக்கு ஒரு கட்டம் இருக்குதுன்னீங்களே. இத எழுதறதுக்கு எதனா கட்டம் இருக்குதான்னு அவரக் கேளுங்க.”

பிரபுவைக் கூப்பிட்டு எல்லாத் தொகையையும் வரிசையாகச் சொன்னேன். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கடைசியாகத் தேவிகா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். தட்டச்சு நின்றது.

“அதுக்கு இதுல கட்டம் இல்லீங்க மேடம்” என்றார்.

“அப்போ அந்தப் பொண்ணோட அப்பாவ வரச் சொல்லுங்க. நானும் வர்றேன்.”

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். ஏழுமலைக்கு அன்று சொல்ல எழுதி வைத்த மூன்று வாக்கியம் இப்போதும் எனக்கு மனப்பாடம். பயமாகத்தான் இருக்கிறது. இந்த முறை அந்தப் பெண்ணின் அப்பா எவ்வளவு சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாலும் சொல்லிவிட வேண்டும்.